கூரைமேல் நின்றவர்கள்

அந்தப் புள்ளிகளைத் திரையில் ஒட்டிய தூசி என்றுதான் முதலில் நினைத்தாள். சட்டைக் கையால் துடைத்தாள். போகவில்லை.

வெளிவரப்போகும் வீடியோ கேம்களை முன்கூட்டியே ஆடிப்பார்த்துப் பிழை சொல்வது அவள் வேலை. இப்போது கையிலிருந்தது போர்க்காலக் குண்டுவீச்சு பற்றியது. வரைபடத்தில் ஒரு நகரத்தைத் தொட்டு, விமானங்களை ஒதுக்கி, ‘சுற்றை முடி’ என்று அழுத்தினால், எரிந்த நகரத்தின் வான்படம் வந்து நிற்கும். அடுத்தது எதிரியின் முறை. மாதக்கணக்கில் கடனே என்று ஊர் ஊராக எரித்ததில், இறந்தவர் எண்ணிக்கை கண்ணில் பட்டாலும் மனதில் ஒட்டுவதில்லை.

படத்தைப் பெரிதாக்கினாள். இடிந்த கூரைகளின்மேல் ஆட்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி.

படம் வரைந்தவனைப் போனில் பிடித்தாள். “கூரைமேல ஆளுங்கள ஏன் போட்ட?”

“ஆளா? நான் வெறும் கூரைதான் வரைஞ்சேன்.”

“நிக்கிறாங்களே.”

“கண்ணு கெட்டுப்போச்சு உனக்கு. போய்ப் படு.”

பிழை என்றால் மறுபடியும் வர வேண்டும். அதே நகரத்தின்மேல் மீண்டும் குண்டு போட்டாள். ஆட்கள் குறையவில்லை, கூடியிருந்தார்கள். தோளோடு தோள், கூரை கொள்ளாமல்.

“மாடியில துணி காஞ்சிருக்கும், எடுத்துட்டு வர்றேன்” என்றான் கணவன், மகளைத் தூக்கிக்கொண்டு. “பாப்பாவும் வர்றாளாம்.”

“ம்” என்றாள், திரும்பாமலே.

மூன்றாவது தடவையும் அழுத்தினாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. விரல்நுனிகள் மட்டும் யாருடையவோ போலச் சில்லிட்டிருந்தன. அப்போதுதான் கவனித்தாள்: தெருவில் வண்டிச் சத்தம் இல்லை, பக்கத்து வீட்டுக் குழாய்ச் சத்தம் இல்லை, மாடிக்குப் போனவர்களின் காலடியும் இல்லை, மூடிய அடுப்பறையிலிருந்து வருவதுபோல ஒரு கருகல் வாடை மட்டும் படிக்கட்டு வழியே இறங்கிக்கொண்டிருந்தது.

“என்னங்க?”



மேலே ஏறினாள். வெயில் அப்படியே இருந்தது. கொடியில் பாதித் துணி. அதனருகே கணவன், இடுப்பில் மகள். இருவரும் அண்ணாந்து நின்றார்கள். எதிர்வீட்டு மாடியில் தையல்காரரும் மனைவியும். அதற்கடுத்த மாடியிலும். தெருக்கோடி வரை. எல்லா மாடிகளிலும்.

வானத்தில் ஒன்றுமில்லை.

சாம்பல் விழுந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல். மகளின் திறந்த கண்மேல் ஒரு துணுக்கு வந்து அமர்ந்தது.

இமைக்கவில்லை.

“பாப்பா.”

இன்னொரு துணுக்கு. அதற்கும் இமைக்கவில்லை.

கீழே, ஆளில்லாத அறையில், மவுஸ் ஒருமுறை சொடுக்கியது.

அவள் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்க நினைத்தாள். கழுத்து கேட்கவில்லை. மோவாய் மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது.