செங்கல் மீது அவள்

பிஷ்கெக் நகரின் தெற்கு ஓரத்தில் இருந்த அந்தப் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஜெனிஷுடன் நானும் போயிருந்தேன். அவன் புகைப்படக்காரன். அவன் படங்களை அச்சிட்டுத் தரும் ஸ்டூடியோ என்னுடையது. நகரத்துச் சுவர் ஓவியங்கள் வெயிலிலும் பனியிலும் எப்படி மாறுகின்றன என்று பல வருடங்களாகப் படமெடுத்து வந்தான். வரைகிறவர்களை அவனுக்குப் பிடிக்காது. நின்று பார்ப்பவர்களை அதைவிடப் பிடிக்காது.

எனக்கு அவனைப் பிடிக்காது.

பக்கச் சுவரில், சிவப்புத் துணியைத் தலையில் கட்டிய பெண்ணொருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அய்பெரி. லாரி மோதி இறந்தவள். அவள் நினைவாகத் தோழிகள் வரைந்தது. அவளுடைய அம்மா புருல் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"தம்பி, இதை அழிக்கப் போறாங்களாம். நீ சொன்னா அதிகாரிங்க கேப்பாங்களாமே. விட்டுடச் சொல்லுப்பா."

"சொல்றேன் அக்கா."

சொன்னான். என் காதுபடவே அதிகாரியிடம் போனில் சொன்னான்.

"சீக்கிரம் பெயின்ட் அடிங்க சார். இப்படியே கிடந்தா என் கண்காட்சிக்கு அடுத்த படம் எங்கேருந்து வரும்? இதெல்லாம் ஓவியமா? கல்யாண போஸ்டர்!"

அடித்தார்கள். சாம்பல் நிறம். ஈரச் சுவரில் கையை ஊன்றியபடி புருல் நின்றிருந்தாள். அதையும் படமெடுத்தான்.

அந்தப் படத்தை அச்சிட்டபோது சுவர் வெறும் சுவராகத்தான் இருந்தது. வரிசையாக வைக்க, அதே சுவரின் பழைய படங்களையும் அச்சிட்டேன். அய்பெரியை வரைவதற்கு முந்தையவை, வெறும் செங்கல்தான் இருக்க வேண்டும்.

செங்கல் மீது அவள்.

அதற்கும் முந்தைய படத்தில் சுவரைவிட்டு இறங்கி, பனியில் நின்றிருந்தாள். சிரிக்கவில்லை.

பூட்டிய அறைக்குள் ஈரப் பெயின்ட் வாடை.

"உன் மெஷின் கோளாறுடா," என்றான் ஜெனிஷ். "ஓட்டை ஸ்டூடியோ, இதுல பேய்க்கதை வேற." சொன்னானே தவிர, அந்தப் படங்கள் அத்தனையையும் அவனே அழித்தான்.

வேறு சுவர்களின் படங்களை அனுப்பி, வெளிநாட்டில் ஒரு கண்காட்சிக்குத் தேர்வானான். பாஸ்போர்ட் படத்துக்காக ஒரு பட்டப்பகலில் என் ஸ்டூடியோவுக்கு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து, வழக்கம்போல என் விளக்குகளைக் கிண்டல் செய்தான். எடுத்தேன்.

திரையில் பார்த்தேன்.

ஸ்டூலில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

எதிரே ஜெனிஷ் காலரைச் சரிசெய்துகொண்டே கேட்டான்: "என்னடா முழிக்கிற? நல்லா விழுந்திருக்கேனா?"