நீலக் கூடை இறங்கும் நேரம்

பஸ்பூசா என்பது ரவையும் சர்க்கரைப்பாகும் சேர்த்துச் செய்கிற ஓர் இனிப்பின் பெயர். நெஸ்மாவின் வீட்டில் அது ஒரு பூனையின் பெயர். அந்தப் பூனைக்குத்தான் சர்க்கரை வியாதி.

"பேர் வைக்கும்போதே யோசிச்சிருக்கணும்," என்று டாக்டர் மரியான் முதல் நாளே சொல்லிவிட்டார்.

பெயர் வைத்தது நெஸ்மாவின் அம்மா. ஒரு மழை நாளில் ஆஸ்பத்திரி வாசலில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை, தன் நர்ஸ் கோட்டின் பைக்குள் போட்டு ட்ராமில் கொண்டுவந்தாள். வீடு வந்து சேரும்வரை குட்டி பைக்குள்ளேயே தூங்கியது.

இப்போது அம்மா குவைத்தில் வேலை பார்க்கிறாள். அப்பாவும் நெஸ்மாவும் பஸ்பூசாவும் அலெக்சாந்திரியாவில், ட்ராம் வளைந்து திரும்பும் தெருவில், இரண்டாம் மாடியில் இருக்கிறார்கள்.

குவைத்துக்குக் கிளம்பும் முன்னால் அம்மா பூனைக்கு ஊசி போடும் முறையை நெஸ்மாவுக்குத்தான் சொல்லிக்கொடுத்தாள். அப்பாவுக்கு இல்லை. அப்பா குழாய் வேலை செய்பவர். ஐந்தாம் மாடிக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு உடைந்த குழாயை மாற்றுவார். ஆனால் ஊசியைக் கண்டால் மட்டும் அவருக்குச் சமையலறையில் திடீரென்று ஏதாவது வேலை வந்துவிடும்.

"முதல்ல சாப்பாடு," என்று அம்மா சொல்லியிருந்தாள். "சாப்பிடுறாளான்னு பாரு. அப்புறம்தான் ஊசி. சாப்பிடலைன்னா டாக்டருக்கு ஃபோன் பண்ணு. கழுத்துக்குப் பின்னாடி தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடிச்சுக்கோ. நீ பயந்தா அவளும் பயப்படுவா."

காலையில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். மாலையில்தான் தொல்லை. டியூஷன் முடிந்து நெஸ்மா வீட்டுக்கு வந்ததும் பஸ்பூசா கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். கிண்ணத்தை நீட்டினால் முகர்ந்து பார்க்கும், வேண்டாவெறுப்பாக மெல்லும். ஊசியை எடுத்தால் சுவரோரம் ஒட்டிக்கொள்ளும். நெஸ்மா தரையில் குப்புறப் படுத்து, கெஞ்சி, கொஞ்சி, எப்படியோ போட்டுமுடிப்பாள்.

இத்தனைக்கும் பூனை மெலிந்துகொண்டே வந்தது. தடவினால் முதுகெலும்பு தட்டுப்பட்டது. தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்ப நிரப்பக் காலிசெய்தது.

டாக்டர் மரியான் பூனையின் காது நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னக் கருவியில் வைத்துப் பார்த்தார். அவருடைய புருவம் சுருங்கியது.

"போன தடவையைவிட ஏறியிருக்கே."

"மருந்தைக் கூட்டிரலாமா டாக்டர்?" என்று கேட்டார் அப்பா. அவர் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"காரணம் தெரியாம கூட்டினா ஆபத்து. ஒண்ணு, வெளியில எதையோ சாப்பிடுறா. இல்லைன்னா ஊசி சரியா ஏறலை. அடுத்த வாரம் வாங்க. அப்பவும் குறையலைன்னா இங்கேயே வச்சுப் பாக்கணும்."

'இங்கே' என்றால் கூண்டு. டாக்டருக்குப் பின்னால் கூண்டுகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் ஒரு சாம்பல் பூனை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அது திரும்பவே இல்லை.

"அவ கூண்டுல இருந்ததே இல்ல டாக்டர்," என்றாள் நெஸ்மா. "நாங்களும் போயிட்டோம்னு நினைச்சுக்குவா."

ட்ராமில் திரும்பி வந்தார்கள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஊசியை ஒழுங்காத்தானே போடுற?"

"போடுறேன்ப்பா."

"சரி சரி. சும்மா கேட்டேன்."

நெஸ்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடல் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அவள் கடலைப் பார்க்கவில்லை.

அன்று அம்மா ஃபோனில் வந்தாள். பின்னால் வெள்ளைச் சுவர், மேலே பெரிய விளக்கு.

"பஸ்பூசா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா." நெஸ்மா பூனையின் முகம் மட்டும் தெரிகிற மாதிரி ஃபோனைப் பிடித்தாள். முகத்தில் முடி அடர்த்தி. மெலிந்தது தெரியாது. "அம்மா, லீவு?"

"பெருநாளுக்குக் கிடைக்கலடா கண்ணு. குளிர் முடியட்டும், கேட்டுப் பாக்குறேன்."

அம்மாவின் குரலைக் கேட்டதும் பஸ்பூசா எழுந்து ஃபோனுக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தது. அங்கே நெஸ்மாவின் விரல்கள்தான் இருந்தன. அவற்றை ஒருமுறை முகர்ந்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

மறுநாள் மாலை, கட்டிலுக்கடியிலிருந்து பூனையை இழுத்து மடியில் வைத்தபோது, நெஸ்மாவுக்கு ஒரு வாசம் வந்தது. பட்டைத்தூள் வாசம். மீசையில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

பால்சோறு! அம்மா வெள்ளிக்கிழமைகளில் பாலில் அரிசியைக் குழையவைத்து, சர்க்கரை போட்டு, மேலே பட்டைத்தூள் தூவித் தருவாளே, அதே வாசம். அம்மா போனபிறகு இந்த வீட்டில் யாரும் அதைச் செய்யவில்லை. நெஸ்மா கொஞ்சநேரம் பூனையின் முகத்தோடு முகம் வைத்து அப்படியே இருந்தாள். பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"அப்பா! இவளுக்குப் பால்சோறு குடுத்தீங்களா?"

"நானா? எனக்கு டீ போடவே வராது."

"வெளியில வாங்கி?"

"வாங்கியிருந்தா நானே தின்னிருப்பேன்."

அது உண்மைதான். அப்பாவைச் சந்தேகிக்க முடியவில்லை.

அடுத்த நாள் கணக்கு வாத்தியாருக்குப் பல்வலி. டியூஷன் சீக்கிரம் முடிந்துவிட்டது. நெஸ்மா தெருமுனையில் திரும்பியபோதே பூனையின் குரல் கேட்டது. பஸ்பூசா பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்து, நீளமாக, விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. இதை அவள் கேட்டதே இல்லை. இந்த நேரத்தில் அவள் எப்போதும் டியூஷனில் இருப்பாள்.

அப்போது மூன்றாம் மாடியிலிருந்து ஒரு நீலக் கூடை இறங்கியது.

அந்தத் தெருவில் எல்லாப் பால்கனியிலும் கயிறு கட்டிய கூடை உண்டு. ரொட்டியோ தக்காளியோ வேண்டுமென்றால் பணத்தை வைத்துக் கூடையை இறக்குவார்கள். கடைக்காரர் பொருளை வைத்ததும் மேலே இழுத்துக்கொள்வார்கள். ஆனால் இந்தக் கூடை தெருவரை வரவில்லை. இரண்டாம் மாடிக்கு நேராக நின்றது. பஸ்பூசா பின்னங்கால்களில் எழுந்து கூடைக்குள் தலையை விட்டது.

மூன்றாம் மாடியில் இருப்பவர் உம்மு ஹாத்திம். ஹாத்திமின் அம்மா என்று அர்த்தம். ஹாத்திம் கடல் தாண்டி இத்தாலிக்கு வேலைக்குப் போய்விட்டான். பெயர் மட்டும் அம்மாவிடம் தங்கிவிட்டது.

நெஸ்மா படியேறினாள். படி ஏற ஏறக் கோபமும் ஏறியது. கதவைத் தட்டக் கை ஓங்கியபோது கதவே திறந்தது.

"வாடி வா. உன் செருப்புச் சத்தம் கீழேயிருந்தே கேக்குது. பால்சோறு சாப்பிடுறியா?" என்றார் உம்மு ஹாத்திம்.

மேசையில் ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பால்சோறு இருந்தது. அதைப் பார்த்த நெஸ்மா, அதற்குப் பக்கத்திலிருந்த ஒற்றைத் தட்டையும் பார்த்தாள்.

"ஒரு ஆளுக்கு அளவாச் சமைக்க எனக்குக் கை வரமாட்டேங்குது," என்று சிரித்தார் அவர். "உங்க பூனை இருக்கிறதால மீதி வீணாப் போகல. பாவம், வீட்டுல யாருமில்லாம பசியில கத்துது. அதைக் கேட்டுக்கிட்டு எனக்கு எப்படித் தொண்டையில இறங்கும்?"

நெஸ்மா அந்த ஒற்றைத் தட்டை மறுபடி பார்த்தாள்.

"அத்தை, அவளுக்குச் சர்க்கரை வியாதி."

"பூனைக்கா? என் நாத்தனாருக்குத்தான் இருக்கு, அவளாவது..." உம்மு ஹாத்திம் பாதியில் நிறுத்தினார். கரண்டியைக் கீழே வைத்தார். "அப்போ அவ மெலிஞ்சது..."

நெஸ்மா தலையாட்டினாள்.

"அந்த வாயில்லா ஜீவனுக்கு நானாடி இப்படிப் பண்ணினேன்?"

வெளியே பஸ்பூசா மறுபடி கத்தியது.

"பாரு, இன்னும் பசி அதுக்கு."

"இல்ல அத்தை. இப்பத்தானே சாப்பிட்டா."

இருவரும் பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தார்கள். பூனை கூடையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதன் கண் தெருமுனையில் இருந்தது. ட்ராம் வளைந்து வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். ஒவ்வொருவராக நடந்து வர, பூனையின் தலை ஒவ்வொருவர் கூடவும் திரும்பியது. கடைசி ஆளும் கடந்து போனபிறகு அது கத்தியது.

"வேலை முடிஞ்சு அம்மா இந்த ட்ராம்லதான் வருவாங்க," என்றாள் நெஸ்மா. அதைச் சொன்னபிறகுதான் அவளுக்கே புரிந்தது.

உம்மு ஹாத்திம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூடையை மேலே இழுத்து, கயிற்றை அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, கூடையைக் கவிழ்த்து வைத்தார்.

"இனி இறக்கமாட்டேன். போ கண்ணு."

நெஸ்மா கீழே வந்தாள். பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கவிழ்த்த கூடை கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஊசி நேரம் வந்தது. பஸ்பூசா வழக்கம்போலக் கட்டிலுக்கடியில் போய்விட்டது. நெஸ்மா குப்புறப் படுத்தாள். கிண்ணத்தை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து மேலே எந்த வீட்டுக் கூடையோ பால்கனிக் கம்பியில் 'டக்' என்று இடித்தது. பூனை காதை நிமிர்த்தியது. கட்டிலுக்கடியிலிருந்து தானாக வெளியே வந்து பால்கனிக் கதவருகே நின்றது.

நெஸ்மா பூனையைப் பார்த்தாள். கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். எழுந்து அதோடு மேல்மாடிக்கு ஓடினாள்.

"அத்தை, கூடையை அவிழுங்க."

"வேணாண்டி. நான் பண்ணினது போதும்."

"அளந்து வச்ச அவ சாப்பாடு இது. இதை மட்டும் நீங்க இறக்குங்க. தினமும் காலையில நானே கொண்டுவந்து குடுத்துடுறேன். டியூஷன்லேர்ந்து வந்து கரண்டியால கம்பியைத் தட்டுவேன். அப்போ இறக்குங்க. உங்க கையாலதான் அவ சாப்பிடுவா."

உம்மு ஹாத்திம் தலைத்துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அவரே இறுக்கிப் போட்ட முடிச்சு. பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது.

"கொஞ்சூண்டு வெண்ணெய் தடவினா?"

"அத்தை."

"சரி சரி, சும்மா கேட்டேன்."

கூடை இறங்கியது. பஸ்பூசா எழுந்து நின்று கூடைக்குள் முகத்தைப் புதைத்து மளமளவென்று சாப்பிட்டது. நெஸ்மா அதன் கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம்போலத் தூக்கினாள். ஊசியைப் போட்டாள். பூனையின் காதுகூட அசையவில்லை.

அப்பா சமையலறையில் பழுதே இல்லாத குழாய் ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"எப்பவோ!"

அதன்பிறகு தினமும் அப்படியே நடந்தது. நெஸ்மா வரும்வரை உம்மு ஹாத்திம் மேலே நின்று பூனையோடு பேசிக்கொண்டிருப்பார். ஹாத்திம் சின்ன வயதில் சோப்பைத் தின்றது, முதல் சம்பளத்தில் அவருக்குக் குடை வாங்கி அனுப்பியது எல்லாம் பஸ்பூசாவுக்குத் தெரியும். தெருவில் இருந்த ரொட்டிக்கடைக்காரருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் டாக்டர் மரியான் கருவியைப் பார்த்துவிட்டு, நெஸ்மாவிடமே திருப்பிக் காட்டினார். "இறங்கியிருக்கு. என்ன பண்ணினே?"

"கூடையில சாப்பாடு," என்றாள் நெஸ்மா.

"ஊசியெல்லாம் என் பொண்ணுதான் போடுறா," என்றார் அப்பா. இந்தமுறை நாய்ப் படத்தைப் பார்க்காமல், டாக்டரைப் பார்த்தே சொன்னார். "ஒருநாளும் தப்பினதில்ல."

அன்று ஃபோனில் நெஸ்மா எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னாள். சர்க்கரை ஏறியதை, கூண்டை, முகம் மட்டும் காட்டியதை.

அம்மா ஃபோனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தாள். "அன்னிக்கே ஏண்டா சொல்லலை?"

"அங்கேர்ந்து நீ என்ன பண்ணுவே? கவலைதான் படுவே."

"அதைக்கூட விட்டுவைக்க மாட்டியா எனக்கு?" என்றாள் அம்மா. சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. இரண்டும்போல இருந்தது.

குளிர் இன்னும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை டியூஷன் கிடையாது. ட்ராம் வரும் நேரத்தில் நெஸ்மாவும் பால்கனியில் பஸ்பூசாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ட்ராம் வளைந்து வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். பூனையின் தலை ஒவ்வொருவர் கூடவும் திரும்பியது. நெஸ்மாவின் தலையும் திரும்பியது.

பிறகு அவள் கரண்டியால் கம்பியைத் தட்டினாள். கூடை வந்தது, பூனை சாப்பிட்டது, ஊசி முடிந்தது, கூடை மேலே போனது.

சற்றுநேரத்தில் கூடை மறுபடி இறங்கியது.

உள்ளே மூடிபோட்ட கிண்ணம் ஒன்று இருந்தது. திறந்தால் பட்டைத்தூள் வாசம்.

"அத்தை!" என்றாள் நெஸ்மா, அண்ணாந்து பார்த்து.

"கத்தாதே. அது பூனைக்கு இல்ல," என்றது மேலேயிருந்து குரல். "ட்ராமைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே இன்னொரு ஆளு, அதுக்கு."

நெஸ்மா ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். அம்மா செய்கிற மாதிரி இல்லை. சர்க்கரை குறைவு, பட்டை தூக்கல். ஆனால் சூடாக இருந்தது. பஸ்பூசா ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, அவள் மடியில் சுருண்டு படுத்தது.

அடுத்த ட்ராம் வருவதற்குள் கிண்ணம் காலியாகிவிட்டது. நெஸ்மா அதைக் கழுவிக் கூடையில் வைத்து, கம்பியைத் தட்டினாள். நீலக் கூடை ஆடி ஆடி மேலே போனது.