பிதுங்கிய பலகை

"இது திட்டமிட்ட அலட்சியம்" என்று அறிவித்துவிட்டுத்தான் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். குடியிருப்போர் சங்கத்துக்கு மட்டுமே அவர் தலைவர். ஆனால் கொட்டாவி விட்டால்கூட அதில் ஒரு சொற்பொழிவின் கம்பீரம் இருக்கும்.

அந்த வீட்டுக்காரரான லென்ஸுக்கு உடம்பெல்லாம் காது ஆயிற்று. பூதக்கண்ணாடியும் கையுமாகவே திரிவதால் தெரு அவருக்கு வைத்த பெயர் அது. அவர் மனைவியோ, காப்பீட்டுக் கம்பெனிக்குச் சேதம் மதிப்பிட்டே ஓய்வு பெற்றவர், பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. தெருவுக்கு அவர் 'துப்பு அக்கா'.

அன்று காலை தலைவர் வீட்டில் கார் ஷெட்டுக்குக் கான்கிரீட் தளம் போட ஆரம்பித்திருந்தார்கள். சுற்றிலும் பலகை நிறுத்தி, அது வெளியே சாயாதபடி முட்டுக்கட்டை கொடுத்தவர் தலைவரின் மைத்துனர், தச்சு வேலைக்காரர். பாதிக் கலவை விழுந்ததுமே தோட்டத்துப் பக்கப் பலகை தொப்பை தள்ளிப் பிதுங்கி, கான்கிரீட் பூச்செடிகள் மேல் வழிந்துவிட்டது.

"அந்த இடத்துல அவன் கட்டையே குடுக்கல. குடுத்தேன்னு சாதிக்கிறான். இனி மாடி வேலையும் கிடையாது, வாசப்படியும் மிதிக்கக் கூடாதுன்னுட்டேன். அவன் அக்கா, என் வீட்டுக்காரி, ஒரேயடியா அழறா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா குடும்பம் அடங்கும். ஆதாரமும் இருக்கு."

போனில் ஒரு படம். லாரி வருவதற்கு முன் எடுத்தது. இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்த்தபடி பலகை ஓரமாகத் தலைவர். வரிசையாக நின்ற முட்டுக்கட்டைகள் அவர் காலடியில் மட்டும் விட்டுப் போயிருந்தன.

லென்ஸ் கண்ணாடியை ஓட்டினார். "கீழே ஏதோ மங்கலா தெரியுதே. எடுத்தவங்க விரல் பட்டிருக்கு."

"யாரு எடுத்தது?" என்றார் அக்கா.

"டைமர் வெச்சு நானேதான். அப்ப யாரும் எழுந்திருக்கல."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

அங்கே போனபோது மைத்துனர் வழிந்த கலவையை வாரிக்கொண்டிருந்தார். அவரோடு பிறந்தவரான தலைவரின் மனைவி சிவந்த கண்களோடு பக்கத்தில் நின்றார். எதிர்ச் சுவரோரம் செங்கல் மேல் ஒரு கட்டை கிடந்தது. லென்ஸ் அதன்மேல் பாய்ந்தார்.

"ரெண்டு ஆணி நீட்டிக்கிட்டு நிக்குது. மத்தபடி சுத்தமா இருக்கு."

"மத்த கட்டையெல்லாம்?"

"கலவை தெறிச்சு ஒரே புள்ளி."

"அப்ப கான்கிரீட் விழறப்ப இது இங்க நிக்கல" என்றார் அக்கா. கட்டையை எடுத்துப் பிதுங்கிய பலகையில் பொருத்தினார். அங்கிருந்த இரண்டு ஓட்டைகளில் இரண்டு ஆணிகளும் அளவெடுத்தாற்போல் இறங்கின. "ஆனா அதுக்கு முன்னால நின்னிருக்கு. உங்க மைத்துனர் குடுத்த கட்டைதான். காலையில யாரோ கழட்டியிருக்காங்க."

"யார் அந்தத் துரோகி?" என்றார் தலைவர்.

"டைமர் வெச்சா போனை எது மேலயாவது நிறுத்தணும்ல, தலைவரே." அக்கா கட்டையைப் பழையபடி செங்கல் மேல் வைத்து, ஆணிகளுக்கும் சுவருக்கும் நடுவில் போனை நிறுத்தினார். கச்சிதமாக நின்றது. திரையில் அதே பலகை. கீழே அதே மங்கல். "விரல் இல்லங்க இது. ஆணி."

லென்ஸ் பூதக்கண்ணாடியை மெதுவாகச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எதுக்குங்க கழட்டினீங்க?" என்றார் தலைவரின் மனைவி.

"முழு உருவப் படம்... கட்டை காலை மறைச்சுது. திரும்ப வெக்கத்தான் இருந்தேன். அதுக்குள்ள லாரி வந்துடுச்சு." சுற்றி நின்ற வேலையாட்களைப் பார்த்தார். "அப்புறம் இத்தனை பேர் முன்னால எப்படிச் சொல்றது?"

"அதுக்கு என் தம்பி தலைதான் கிடைச்சுதா?"

தலைவர் மைத்துனரிடம் போய், "தப்பு என்னுதுடா" என்றார்.

மைத்துனருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொல்லியிருந்தா நானே கழட்டித் தந்திருப்பேனே மாமா. கலவை இறுகறதுக்குள்ள பலகையை உள்ள தள்ளணும். வாங்க, தோள் குடுங்க."

தலைவர் இஸ்திரி போட்ட சட்டையோடு மண்ணில் முட்டி போட்டுப் பலகைக்குத் தோள் கொடுத்தார். மைத்துனர் முட்டுக்கட்டையைச் சாய்த்துப் பிடித்தார்.

"மாடி வேலைக்கும் நீதான் வரணும்" என்றார் தலைவர், மூச்சு வாங்க.

"அப்படின்னா இன்னும் கொஞ்சம் அழுத்துங்க மாமா" என்றார் மைத்துனர், ஆணியை உதட்டில் கவ்வியபடி.