கிரேப்ஃப்ரூட் இல்லாத பதினான்கு நாட்கள்

வடக்கு மின்னசோட்டாவில் எங்கள் ஊர், ஒரு டிசம்பரில் பதினான்கு நாள் முழுக்க, ஒரு சுளை கிரேப்ஃப்ரூட் கூட இல்லாமல் இருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் லூத்தரன்கள். இருந்த ஒரே கத்தோலிக்கரையும் நாங்கள் பாதி மாற்றி வைத்திருந்தோம். அத்தனை பேரும் காசு கொடுத்து வாங்கிய பழத்தை வாயில் வைக்காமல் விட்டார்கள் என்று சொன்னால், எங்களை அறிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். முப்பத்தோரு வருடம் ஊருக்குத் தபால் கொடுத்தவன் நான். அமெரிக்கத் தபால் துறையின் மீது ஆணையாகச் சொல்கிறேன், இது நடந்தது.

எங்கள் பள்ளி பேண்டு வாத்தியக் குழு ஒவ்வொரு டிசம்பரும் டெக்சஸிலிருந்து பெட்டி பெட்டியாகப் பழம் தருவித்து விற்கும். பம்பளிமாசுக்குத் தம்பி மாதிரி, புளிப்பும் கசப்பும் சேர்ந்த பழம். வாங்காத வீடு கிடையாது. வாங்காதவன் பேண்டில் பும்பும் என்று ஊதும் டூபாக் குழலுக்கு எதிரி.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, வாயை விட்டு வெளியே வந்த சொல் தரையில் விழுந்து உடைகிற குளிர். மார்லிஸ் டொலெஃப்சன் சமையலறையிலிருந்து கிரேப்ஃப்ரூட் பெட்டியை இடுப்பில் தாங்கிக் கராஜுக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள் லவான். மார்லிஸின் கணவன் அர்லனுக்கு அக்கா. முதல் நாள் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவளே அவள்தான்.

அர்லன் நாற்பது வருடமாகக் காலையில் பாதிப் பழத்தின் மேல் வெல்லச் சர்க்கரை தூவிச் சாப்பிடுகிறவன். இன்று அவன் முன்னால் வறட்டு ரொட்டி.

"எங்க போகுது பெட்டி?" என்றாள் லவான்.

"இந்த வருஷம் வேணாம் அண்ணி."

"யாருக்கு வேணாம்? உனக்கா, அவனுக்கா? தொரட்டிக் கம்பு மாதிரி மெலிஞ்சு போயிட்டான். பாட்டுக் குழுவுக்கு வராம நிறுத்திட்ட. என் பேத்தி கல்யாணத்துக்கும் வரல. இப்ப ஒரு பழம் திங்கவும் தடையா... என் தம்பிய என்ன பண்ணிட்டிருக்க நீ?"

மார்லிஸ் பெட்டியை இறக்கவில்லை. மேசையில் இருந்த மனிதன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் காபிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். லவான் கையுறையைக் கூடக் கழற்றாமல் திரும்பிப் போனாள். போகிற வழியில் ஏழு வீட்டில் நின்றாள். அன்று மதியத்துக்குள் மார்லிஸ் கணவனைப் பட்டினி போடுகிறாள் என்ற செய்தி, என் தபால் வண்டி ஒருநாளும் போகாத வேகத்தில் ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

உண்மை என்னவென்றால், இரண்டு வருடம் முன்பு அர்லனுக்குப் பித்தப்பையில் கல் என்று ஊர் அறிந்த ஆபரேஷனில், எடுத்தது இடது சிறுநீரகம். அதில் புற்றுநோய். அந்த வருடக் கோடையின் தொடக்கத்தில் அது நுரையீரலில் புள்ளி புள்ளியாகத் தலைகாட்டியது. கொடுத்த மருந்து ஐந்து மாதம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து டாக்டர் நல்ல மனிதர். மினியாபொலிஸ் மாதிரி பெரிய இடத்தில் புது மருந்து ஆய்வு ஏதாவது நடந்தால் தேடிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தோளைத் தட்டினார்.

யாருக்கும் சொல்லக்கூடாது என்று அர்லன் மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தான். நோய் பெயரைக் கேட்டதும் ஊர் என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தும். தலையைச் சாய்க்கும். சாவதற்கு முன்பே அவனை இறந்த காலத்தில் பேசும்.

ஆகவே மார்லிஸ், கம்பளி பின்னக் கற்கப் போவதாகச் சொல்லிவிட்டு நாற்பது மைல் தள்ளி வேறு ஊர் நூலகத்துக்குப் போனாள். அங்கே கணினி முன் உட்கார்ந்து ஆய்வுகளின் பட்டியலைத் தேடினாள். நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒன்றில் ஏற்கெனவே மருந்து சாப்பிட்டவரை எடுக்க மாட்டார்கள். ஒன்றில் சாப்பிட்டே இருக்க வேண்டும், ஆனால் வேறு மருந்து. ஒன்றில் இடம் நிரம்பிவிட்டது; ஒன்று பாஸ்டனில். கட்டியின் வகை, எந்த மருந்து எத்தனை மாதம், மிச்சமிருக்கும் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, காருக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக அழைத்தாள். பத்தொன்பது அழைப்பு. நான் சொன்னால் தொண்ணூறு என்பேன், ஆனால் இந்த ஒரு இடத்தில் கூட்டிச் சொல்ல மனம் வரவில்லை. இருபதாவதில் நயோமி கிடைத்தாள், மினியாபொலிஸில் ஆய்வை நடத்தும் நர்ஸ். பதிவுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, அர்லன் பொருந்துவார் போலிருக்கிறது என்றாள். இருபத்தோராம் தேதியோடு சேர்க்கை முடிகிறது. சில விதிகள் உண்டு. அதில் ஒன்று, பரிசோதனைக்கு முன் பதினான்கு நாள் கிரேப்ஃப்ரூட் கூடவே கூடாது.

பெட்டி கராஜுக்குப் போன கதை இதுதான்.

ஞாயிறு, ஆறாம் தேதி. ஆராதனை முடிந்து தேவாலயத்தின் கீழறையில் விருந்து. லவான் கோபத்தைப் பச்சை நிற ஜெல்லியாக உறைய வைத்துக் கொண்டுவந்திருந்தாள். துருவிய கேரட்டுக்கு அடியில், தோல் உரித்த கிரேப்ஃப்ரூட் சுளைகள். தம்பி தட்டில் ஒரு செங்கல் அளவு வெட்டி வைத்தாள். எங்கள் ஊரில் எதையும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்குப் பயந்து அர்லன் வாங்கிக்கொண்டான். முதல் வாயிலேயே என்ன பழம் என்று தெரிந்திருக்கும். அப்படியும் தின்றான். அக்கா பார்த்துக்கொண்டு நின்றதால் இன்னொரு துண்டும் தின்றான்.

காபி ஊற்றிக்கொண்டிருந்த மார்லிஸ் அவன் முள்கரண்டியில் இளஞ்சிவப்புச் சுளையைப் பார்த்தாள். கூஜாவைக் கீழே வைத்தாள்.

"அர்லன், அதக் கீழ வை."

"விடு மார்லிஸ்... எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்." அவள் குரல் கடைசி மேசை வரை கேட்டது. "அண்ணி, அவனுக்குக் கிட்னியில கேன்சர். நுரையீரலுக்குப் போயிடுச்சு. ஒரு புது மருந்து ஆய்வுல சேர இடம் கெடச்சிருக்கு. இந்தப் பழம் உடம்புல இருந்தா மருந்து ரத்தத்துல அளவு மீறிப் போயிடும், சேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் பெட்டியத் தூக்குனேன்."

அறையில் இருந்த நூற்றைம்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். லவான் கையில் பரிமாறும் கரண்டி அப்படியே நின்றது. அர்லன் கோட்டை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவன், ரத்தத்தில் பழம் தெரியப் போவதில்லை, கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம் என்றான். மார்லிஸ் கோட்டைக் கழற்றாமல் நின்றாள்.

"அங்க பொய் சொன்னா அது உன்னோட நிக்காது அர்லன். உனக்கப்புறம் அந்த மருந்தச் சாப்பிடப் போறவன் வரைக்கும் போகும்."

மறுநாள் அவள் நயோமியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். நயோமி டாக்டரைக் கேட்டுவிட்டுத் திருப்பி அழைத்தாள். இன்றிலிருந்து புதிதாக எண்ணுங்கள். பதினான்கு நாள் இருபதாம் தேதி முடிகிறது, இருபத்தொன்றாம் தேதி வாருங்கள். இடையில் ஒரு சுளை உள்ளே போனாலும் அவ்வளவுதான், அடுத்த நாள் என்று ஒன்று இல்லை.

அர்லன் கேட்டுக்கொண்டான். "ஊருக்கே சொல்லிட்ட. இனிமே என்னைய உயிரோட இருக்கறவனாப் பாக்க எவனுக்கும் தெரியாது" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அதற்கு மேல் மனைவியிடம் பேசவில்லை. அவள் தட்டு வைப்பாள், அவன் தின்பான். அவள் விளக்கை அணைப்பாள், அவன் சுவரைப் பார்த்துத் திரும்புவான்.

அந்தத் திங்கள் காலையே லவான் வந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாகக் கதவைத் தட்டினாள். அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்தாள்; முகம் துடைக்கத் துடைக்க நனைந்துகொண்டே இருந்தது.

"உன்னப் பத்தி நான் பேசாத பேச்சில்ல மார்லிஸ். ஏழு வீட்ல நின்னு பேசுனேன்... ரெண்டு வருஷம் இத ஒத்தையாவா சுமந்த?"

மார்லிஸ் கையைத் துடைத்துவிட்டு அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் எவ்வளவு நேரம் அழுதார்கள் என்று தெரியாது. அடுப்பில் இருந்த கெட்டில் வற்றிக் கருகிவிட்டது என்பது மட்டும் உறுதி.

பிறகு லவான் எழுந்து, அதே ஏழு வீட்டுக்கும் திரும்பப் போனாள். அதோடு நிற்கவில்லை. தம்பிக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது, அவன் எந்த வீட்டில் எதைத் தின்பான் என்று யாராலும் காவல் காக்க முடியாது, அதனால் பழம் ஊரிலேயே இருக்கக்கூடாது என்றாள். கேட்கவில்லை, அறிவித்தாள். காசு கொடுத்ததைத் தூக்கி எறிய எங்களால் முடியாது. ஏரிப் பனிக்கட்டி மேல் மீன் பிடிக்கப் போட்டிருந்த பலகைக் குடிசை ஒன்றில் கொண்டுபோய் அடுக்கினோம். ஆயிரத்து நானூறு பழம். சரி, ஆயிரத்து இருநூறு. போதகரம்மாள் ஜூஸ் டின்களை ஒப்படைத்தார். கடைக்காரர் அலமாரியைக் காலி செய்தார். லவான் குடிசையைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அக்கா சொன்னதை அர்லன் துளியும் நம்பவில்லை. "துண்டுச் சோப்ப ஒட்டி ஒட்டித் தேய்க்கிற ஊரு இது. காசு குடுத்து வாங்கின பழத்த எனக்காக விட்டாங்களாம். என்னத் தேத்துறதுக்கு வேற கதை சொல்லுக்கா."

ஆனால் ஒரு விஷயம் அவன் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. தானியக் கிடங்குப் பக்கம் போனால், உன்னால்தான் எங்கள் வீட்டில் காலையில் வெறும் ஓட்ஸ் கஞ்சி என்று திட்டினார்கள். உன் பாவத்துக்கு என் குடல் வறளுது என்றான் ஒருவன். இறந்துகொண்டிருப்பவனிடம் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். அதையும் அவன் வீட்டில் சொல்லவில்லை.

இருபத்தொன்றாம் தேதி காலை, விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினார்கள். மார்லிஸ்தான் ஓட்டினாள். ஏரிக்கரை வந்தபோது, இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அவன் அவளிடம் பேசினான்.

"நிறுத்து."

பனிக்கட்டி மேல் நடந்து போய்க் குடிசை ஜன்னலில் கையைக் குவித்து வைத்துப் பார்த்தான். நெடுநேரம் நின்றான். திரும்பி வந்து உட்கார்ந்து, ஸ்டீயரிங் மேல் இருந்த அவள் கையின் மேல் தன் கையுறைக் கையை வைத்தான். மார்லிஸ் வண்டியைக் கிளப்பினாள். நான்கு மணி நேரப் பயணத்தில் அந்தக் கையை அவன் எடுக்கவில்லை.

மினியாபொலிஸில் முதலில் காகித வேலை. சம்மதப் படிவத்தின் இருபத்தேழு பக்கத்தையும் அர்லன் விரலை வைத்துப் படித்தான். புது மருந்து சேர்த்துக் கிடைக்குமா, வழக்கமாகக் கொடுக்கும் மருந்து மட்டுமா என்பதைக் கணினிதான் குலுக்கிப் போடும், எங்கள் கையில் இல்லை என்று நயோமி விளக்கினாள். சரி என்று கையெழுத்துப் போட்டான். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். முடிவுகள் சாயங்காலம் வந்தன, எல்லாம் எல்லைக்குள். கடைசியாக நயோமி கேட்க ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"பதினாலு நாள்ல கிரேப்ஃப்ரூட், ஜூஸ், எதுவும் சாப்பிடலயே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. விருந்து வீட்ல தெரியாம சாப்பிட்டுடுறாங்க."

மார்லிஸ் வாயைத் திறந்தாள். அர்லன் கையை லேசாக உயர்த்தினான். தன்னைப் பற்றி அந்நியரிடம் ஒரு வாக்கியம் கூடச் சொல்லாதவன், பேண்டு, பெட்டி, ஜெல்லி, அக்கா, கழுத்துச் சாவி, அதற்கப்புறம் ஒரு சுளை கூட வாயில் படாதது என்று அத்தனையும் சொன்னான். நயோமி பேனாவைப் பிடித்தபடி, இவர் விளையாடுகிறாரா என்று மார்லிஸைப் பார்த்தாள். மார்லிஸின் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"ஊர் முழுக்கவா?" என்றாள் நயோமி.

"நானும் நம்பலம்மா. எங்க அக்கா அடிச்சுச் சொன்னா, நம்பல. இன்னிக்குக் காலையில ஜன்னல்ல மூஞ்சிய வெச்சுப் பாத்தேன். தரையிலருந்து கூரை வரைக்கும் இருக்கு. ஒவ்வொரு பெட்டியிலயும் பேரு எழுதியிருக்கு, எல்லாம் எனக்குத் தெரிஞ்ச பேரு." அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். "இவ வாயத் தொறந்து சொன்னதால நடந்துச்சு. நான் மூடச் சொன்ன வாய். எழுதிக்கம்மா... நடந்துச்சு."