செம்மஞ்சள் பட்டி

நான் ஓடிப்போய்ப் பிடித்தது என் தங்கையை அல்ல. ஒரு நாயை!

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை கோபிஷாவுக்கு ஐந்து வயது. நாங்கள் இருக்கும் இந்த வெளிநாட்டு ஊரான டீட்டிகோனில் கிண்டர்கார்டன் போகும் எல்லாப் பிள்ளைகளையும் போல அவளும் கழுத்தில் ஒரு செம்மஞ்சள் பட்டி போட்டிருப்பாள். வாகனம் ஓட்டுபவர்களுக்குப் பிள்ளைகள் தெரிய வேண்டும் அல்லவா?

"சாருஜா, தங்கச்சியைக் கவனமாக் கூட்டிக்கொண்டு வா" என்று அம்மா முதன்முறையாக என்னை நம்பிச் சொன்ன நாள் அது.

டீட்டிகோன் ரயில் நிலையத்துக்கு முன்னால் சந்தை. தண்ணீர்த் தொட்டியடியில் அவளை நிறுத்தி, கையில் தின்ன ஒரு பணிஸும் கொடுத்தேன்.

"இதிலையே நில்லு. அசையாதை."

"ஓம் அக்கா."

பஸ் எத்தனை மணிக்கு என்று பலகையில் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கோபிஷாவைக் காணவில்லை!

'செம்மஞ்சள்... செம்மஞ்சள்...' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினேன். கரட் குவியல் தெரிந்தது. பூசணிக்காய் தெரிந்தது. வீதி திருத்தும் ஒருவரின் மேலங்கி தெரிந்தது. இந்த ஊரில் இவ்வளவு செம்மஞ்சளா! தொட்டியை இரண்டு தடவை சுற்றி ஓடினேன். அழுகை வந்துவிட்டது.

அப்போது பாணும் பணிஸும் விற்கும் கடை வாசலில், ஆட்களின் கால்களுக்கு நடுவே அந்தப் பட்டி! பாய்ந்து பிடித்து இழுத்தேன்.

"வவ்!"

கட்டிப்போட்டிருந்த கறுப்பு நாய் ஒன்று என்னைப் பார்த்தது. அதன் கழுத்தில் கோபிஷாவின் பட்டி.

அப்படியானால் தங்கையிடம் செம்மஞ்சளே இல்லை. அவளிடம் இல்லாத நிறத்தைத்தான் என் மூளை இவ்வளவு நேரமும் தேடியிருக்கிறது!

கண்ணை மூடி யோசித்தேன். கோபிஷா எப்படி இருப்பாள்? சும்மா நிற்க மாட்டாள். ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டே இருப்பாள். சரி, நிறத்தை விடுவோம். துள்ளும் காலைத் தேடுவோம்.

கண்ணைத் திறந்தேன். தொட்டியடியில் நீல மேலங்கி ஒன்று துள்ளிக்கொண்டு நின்றது.

ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். "எங்கையடி போனனி?"

"நாய்க்குப் பட்டியைப் போட்டிட்டு உடனை வந்திட்டன். கறுப்பு நாயெல்லோ, கார்க்காரருக்குத் தெரியாது."

"நான் தேடினது உனக்குத் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது. ரெண்டு தரமும் கை காட்டினனான். வாய் நிறையப் பணிஸ், கூப்பிட ஏலேல்லை. நீங்கள் என்ரை முகத்தைப் பாத்திட்டு ஓடிட்டியள்!"

நான் திகைத்துப்போனேன். பார்த்தேனாம், ஆனால் காணவில்லையாம்! என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை.

நாயிடமிருந்து பட்டியைக் கழற்றி வந்து அவளுக்குப் போட்டுவிட்டேன். பஸ் வந்தது.

"கோபிஷா, இனித் தொலைஞ்சா என்னத்தைப் பாத்து உன்னைத் தேடுறது?"

அவள் பணிஸை விழுங்கிவிட்டு, என் முகத்தைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பினாள்.

"என்னைப் பாத்துத் தேடுங்கோ அக்கா!"