பம்பரமும் வெனிலாப் பூவும்

வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். அவள் ஓரிடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமை காலை, கொல்லைக்கும் கூடத்துக்குமாக எட்டாவது முறை ஓடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! அப்பா போன் எடுத்தாரா?"

"பஸ் ஓட்டும்போது எப்படிடி எடுப்பாரு?" தையல் மிஷினை மிதித்தபடியே கேட்டாள் அம்மா.

கொல்லையில் அப்பா வளர்த்த வெனிலாக் கொடி, மூன்று வருடம் கழித்து முதன்முதலாகப் பூத்திருந்தது. மற்ற மொட்டுகளை நத்தை தின்றுவிட்டது. தப்பியது ஒன்றே ஒன்று. அதுவும் மதியத்துக்குள் மூடிவிடும். அதற்குள் அதன் மகரந்தத்தைக் கையால் சேர்த்தால்தான் ஐஸ்கிரீமுக்கு வாசனை தரும் அந்தக் காய் பிடிக்கும். இங்குள்ள தேனீக்களுக்கு அந்த வேலை தெரியாது. அப்பா வருவதோ சாயங்காலம்.

இந்த நாளுக்காகவே அவர் மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேசையில் காகிதப் பூவும் பல்குச்சியுமாகப் பழகினார். "ஓரத்தைக் கிழி, மடலைத் தூக்கு, மகரந்தத்தை அமுக்கு" என்று அவர் முணுமுணுக்கும்போதெல்லாம் பம்பரம் விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

"நீ பண்ணேன்மா!"

"எனக்கு ஒண்ணும் புரியாது. தினமும் வாயைப் பிளந்து பார்த்தது நீதானே?"

பல்குச்சியை எடுத்தாள். கை நடுங்கியது. பூ பிய்ந்துவிட்டால்? அப்பா திட்ட மாட்டார். அதை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருந்தது.

ஊசியில் நூல் கோக்கும்போது அம்மா மணிக்கட்டை மிஷின்மேல் ஊன்றிக்கொள்வாள். கொல்லையில் ஊன்ற என்ன இருக்கிறது? தம்பி இருந்தான்.

"டேய், இங்க வந்து ஆடாம நில்லு."

அவன் உச்சந்தலையில் மணிக்கட்டை ஊன்றினாள். நடுக்கம் நின்றது.

"அக்கா, மூக்கு அரிக்குது."

"சொறிஞ்சே, தொலைஞ்சே!"

மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்குச்சியால் ஓரத்தைக் கிழித்து மடலைத் தூக்கினாள். கட்டைவிரலால் மெல்ல அமுக்கினாள். கையை எடுத்ததும் தம்பி தெருவுக்கே கேட்கும்படி தும்மினான்.

சாயங்காலம் அப்பா வந்தபோது பூ சுருங்கிக் கிடந்தது. அவர் முகமும் வாடிப்போனது.

"நான் பண்ணிட்டேன்பா. சரியான்னு தெரியல."

அப்பா நிமிர்ந்தார். "நீயா? பிடிக்கலேன்னா நாளைக்கு உதிர்ந்துடும். பார்ப்போம்."

மறுநாள் அவள் கொல்லைக்கு ஓடியதற்குக் கணக்கே இல்லை. பொழுது சாயும்போது அப்பா வாடிய பூவை விரல் நுனியால் தொட்டார். அது உதிரவில்லை.

"பிடிச்சிடுச்சும்மா!" சட்டைப் பையிலிருந்த காகிதப் பூவை அவளிடம் நீட்டினார். "எப்படிப் பண்ணே? எனக்கும் சொல்லிக்கொடு."

பம்பரம் வீட்டைப் பார்த்துக் கத்தினாள்:

"டேய்! அப்பாவுக்கு உன் தலை வேணுமாம், ஓடி வா!"