பேர் சொல்லிக் கூப்பிட்ட குரல்

சோனியா மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குரல் கேட்டது.

"சோ...னியா... சோ...னியா..."

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கும்மிடிப்பூண்டி இரும்பாலைகளின் பக்கம் வானம் செக்கச்செவேல் என்று கிடந்தது. தெருக்கோடி மதிலுக்கு அப்பால் தகரக் கொட்டகைகள். குரல் அங்கிருந்துதான் வந்தது. அது அம்மாவின் குரல் இல்லை, தெருவில் வேறு யாருடைய குரலும் இல்லை. ஆனால் அவள் பெயரைத்தான் கூப்பிட்டது, அதுவும் அத்தனை ஆசையாக.

சோனியா அப்பாவின் சட்டையை மாடியிலேயே போட்டுவிட்டுக் கீழே ஓடிவந்தாள்.

கீழ் வீட்டு சுமலதா அக்கா, அழுகிற கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இன்னாடி, பேயப் பாத்த மாதிரி ஓடியாற?"

"பாக்கலக்கா, கேட்டேன். கொட்டாயில இருந்து யாரோ என் பேரச் சொல்லிக் கூப்புடுறாங்க."

சோனியா சொன்னது இவ்வளவுதான். மறுநாள் காலை குழாயடியில் அந்தப் பேச்சுக்குக் கால் முளைத்துவிட்டது. கொட்டகையில் காலே இல்லாத ஒரு பெண் உலவுகிறாள் என்றார் ஒருவர். மத்தியானத்துக்குள் பேய் போய், பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்துவிட்டது. அவர்களிடம் ஒரு கோணிப்பை இருப்பதாகச் சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் அது ஐந்து கோணிப்பை ஆனது.

கொட்டகைகளில் இருந்தவர்கள் வடக்கேயிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள். தெருவில் ஒருவரும் அவர்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பொங்கல் முடியட்டும். நேரா கொட்டாய் ஓனர் ஊட்டுக்குப் போய், எல்லாரையும் காலி பண்ண வையின்னு சொல்லிடலாம்" என்றாள் சுமலதா அக்கா. தெருவே தலையாட்டியது.

சோனியா மட்டும் தலையாட்டவில்லை. தான் சொன்ன ஒரு சொல்லால் அத்தனை குடும்பங்களும் எங்கே போகும்? அது பேயாகவே இருந்தாலும், போய்ப் பார்க்காமல் சொன்னது தப்புதானே?

பக்கத்து வீட்டு ஜெபாவிடம் போனாள். அவனும் ஐந்தாம் வகுப்புதான்.

"வெளிச்சம் இருக்கும்போதே போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?"

ஜெபா யோசித்தான். "பகல்ல பேய் தூங்கிக்கினு இருக்கும். எழுப்புனா கோச்சுக்காதா?"

என்றாலும் வந்தான். மறுநாள் பள்ளி விட்டதும் இருவரும் மதிலைச் சுற்றி நடந்தார்கள். ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆள் அரவமே இல்லை. காற்றில் தகரம் கிரீச், கிரீச் என்றது. ஒரு கொட்டகையில் கதவுக்குப் பதில் சிவப்புச் சேலை தொங்கியது. அது உப்பியது, பிறகு மெல்ல அமுங்கியது. உள்ளே யாரோ மூச்சு விடுவது போல இருந்தது.

திடீரென்று காதுக்குப் பக்கத்திலேயே எழுந்தது அந்தக் குரல்.

"சோ...னா... சோ ஜா..."

ஜெபா அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "உன்னத்தான் கூப்புடுது. நான் வேணா முன்னால போய்க்கினு இருக்கேன்."

ஆனால் அவனுக்குக் கால் நகரவில்லை. சோனியா பல்லைக் கடித்துக்கொண்டு சேலையை விலக்கினாள்.

உள்ளே ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால்மேல் ஒரு குட்டிப் பாப்பா. அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் வேணா. பாப்பா தூங்கு."

"நீங்க... இன்னா பாடுனீங்க?"

"பாப்பா பேரு சோனா. சோ ஜான்னா, தூங்கு. சோனா, தூங்கு."

சோனியா அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சோனா, சோ ஜா. சோனா, சோ ஜா. ஆலைச் சத்தத்திலும் காற்றிலும் அடிபட்டு வந்தால் அது 'சோனியா'தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அந்தப் பெண்ணின் பெயர் பூனம். சோனியா ஓட்டமாக ஓடிவந்து தெருவில் எல்லாரிடமும் நடந்ததைச் சொன்னாள்.

"ஐயோ பாவம், உன்னையும் மயக்கிட்டாளா?" என்று சுமலதா அக்கா அவளுக்குத் திருநீறு பூசிவிட்டாள். சோனியா வீட்டில் திருநீறு பூசும் வழக்கமே இல்லை.

ஒருவரும் நம்பவில்லை. ஆனால் ஒன்று. சொன்னால் கேட்காதவர்கள்கூட, நாடகம் என்றால் பாய் விரித்து உட்காருவார்கள். பொங்கல் கலை நிகழ்ச்சியில் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். சோனியா மறுபடி போய்ப் பூனத்தை மேடைக்குக் கூப்பிட்டாள்.

"நான் வந்தா, உங்க ஆளு அடிக்கும்?" என்று கேட்டாள் பூனம்.

"நான் உங்க பக்கத்துலயே நிப்பேன்" என்றாள் சோனியா.

பொங்கலன்று மாலை தெருவே மேடை முன்னால் கூடியது. சோனியா சோனியாவாகவே நடித்தாள். மற்ற எல்லாரும் ஜெபாதான். துண்டைத் தலையில் கட்டினால் ஒருவர், இடுப்பில் கட்டினால் இன்னொருவர்.

"காலே இல்லியாம்பா."

"கால் இல்லாம கோணிய எப்பிடித் தூக்கினு போவுது?"

"அதான் அஞ்சு கோணி வச்சிருக்கு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிலர் மட்டும் ஓரக்கண்ணால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்காதது சுமலதா அக்காவின் குழந்தை ஒன்றுதான். அது வீல் வீல் என்று கத்திக்கொண்டிருந்தது.

மைக் செட் வசந்தகுமார் அண்ணன், பேசி வைத்தபடி விளக்குகளை அணைத்தார்.

கும்மிருட்டு. பனி சில்லென்று முகத்தில் படர்ந்தது. மேடைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒலிபெருக்கியில் வந்தது அந்தக் குரல்.

"சோ...னா... சோ ஜா..."

சிரிப்பு பட்டென்று நின்றது. "ஏசப்பா" என்று யாரோ முனகினார்கள். சோனியாவுக்கே முதுகு சிலிர்த்தது. ஆனால் குரல் நிற்கவில்லை. மெதுவாக, தாலாட்டாக, இருட்டெல்லாம் நிறைந்தது. குழந்தையின் வீறிடல் விசும்பலாகி, அதுவும் ஓய்ந்தது.

விளக்குகள் எரிந்தன. சோனியா திரையை விலக்கினாள். தோளில் பாப்பாவோடு பூனம் நின்றாள். அவளுடைய மறுகை சோனியாவின் கையை இறுகப் பிடித்திருந்தது. பாட்டு பாதியில் நின்றுவிட்டது.

சுமலதா அக்கா தன் மடியைக் குனிந்து பார்த்தாள். பிறகு ரகசியம் போலச் சொன்னாள்:

"வசந்தகுமாரு, லைட்ட ஆஃப் பண்ணு. புள்ள இப்பதான் கண்ணசந்துது. நீ பாடும்மா."

"நாளைக்கி ஓனர் ஊட்டுக்குப் போவணும்னியேக்கா?" என்றார் அவர்.

"ஏன், இவள அனுப்பிட்டு நீயா வந்து இந்தப் புள்ளயத் தூங்க வைப்ப?"